இரண்டு லைன், ஒரு மரம்

எனக்கு எதிலும் இரண்டு வேண்டும். சாவி இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, காஸ் சிலிண்டர் இரண்டு என்பதெல்லாம் பல வீடுகளில் உண்டு. நான் தீப்பெட்டியைக்கூட இரண்டு இடங்களில் வைப்பவள். ஒன்று நனைந்துபோனால் இன்னொன்று இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் சமையலறையில் இரண்டு உப்பு டப்பாக்களைப் பார்த்துவிட்டு என் கணவர், “எனக்கும் எங்கயாவது ஒரு ஸ்பேர் வெச்சிருக்கியா?” என்று கேட்டார். “தேடிக்கிட்டிருக்கேன்” என்றேன். அன்றிலிருந்து அவர் ஏதாவது தப்பு செய்தால், “ஸ்பேர் கிடைச்சானா?” என்று அவரே முந்திக்கொள்வார்.

இது பிறவிக் குணம் இல்லை, தொழில் ஒட்டவைத்தது. நான் வேலை பார்க்கும் கம்பெனி சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு சேவை செய்கிறது. அங்கே எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு டாக்டரின் போனுக்கும் நோயாளியின் போனுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்த முடிவுகளெல்லாம் கிளவுடில் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். மேகமும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டு தூரத்து நகரங்களில், யாரோ கட்டிய கட்டடங்களில், ஏசி அறையில் வரிசையாக நிற்கும் எந்திரங்கள்தான். ஒரு நகரத்தில் இருப்பது விழுந்தால் அடுத்த நகரத்தில் இருப்பது எழுந்து வேலையைத் தொடர வேண்டும். எழுகிறதா என்று பார்ப்பதும், எழாவிட்டால் எழுப்பிவிடுவதும் என் வேலை. நான் ஒழுங்காக வேலை செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. என் வேலையைப் பற்றி என் அம்மாவிடம் விளக்கியபோது, “ஒண்ணும் ஆவாம இருக்கறதுக்கு ஒரு சம்பளமா?” என்று கேட்டாள்.

நான் கண்ணமங்கலத்துக்காரி. ஜவ்வாது மலை எங்கள் வீட்டு மாடியிலிருந்து நீலமாகத் தெரியும். கல்யாணம் ஆகும்வரை அதில் ஏறிப் பார்த்ததில்லை. என் கணவர் அந்த மலையில், அரசு உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் சென்னையில், ஒரு பெண்கள் ஹாஸ்டலில், ஜன்னலோரக் கட்டிலில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி வேலூர் வந்து சேர்ந்து, மறுநாள் விடிந்ததும் அமிர்தி வழியாக மலை ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருவேன். ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு திரும்பக் கிளம்ப வேண்டும். ஆறு வருஷம் இப்படி. வாரத்துக்கு ஒன்றரை நாள் கல்யாணம்.

என் மேலாளரிடம் நான்கு முறை கேட்டேன், மலையிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று. அந்த அம்மாள் மூன்று முறை சிரித்தார். நான்காவது முறை சிரிக்கவில்லை. “மூணு மாசம் இருந்து பாரு. கடைசி வாரத்துல ஏதோ ஒரு நாள், ஆபீஸ் நேரத்துலதான், வேணும்னே ஒண்ண உடைப்பேன். எதைன்னு சொல்ல மாட்டேன், எப்பன்னும் சொல்ல மாட்டேன். இருபது நிமிஷத்துல நீ அங்க இருந்தே சரி பண்ணணும். பண்ணலன்னா அடுத்த ஒண்ணாம் தேதி இங்க உன் சீட்டுல இருக்கணும்” என்றார். எங்கள் தொழிலில் இப்படி வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அந்த ஒத்திகையின் மறுமுனையில் என் குடும்பம் கட்டியிருந்தது இதுதான் முதல்முறை.

மார்கழிக் குளிரில் மூட்டை முடிச்சோடு மலைக்கு வந்தேன். எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு வந்தேன் என்று கணவரிடம் சொன்னேன். அது பொய். ஹாஸ்டலில் அந்த ஜன்னலோரக் கட்டிலை நான் விடவில்லை.

வந்த உடனே செய்த முதல் காரியம் இரண்டு இன்டர்நெட் லைனுக்குச் சொல்லியனுப்பியது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் சுத்தமாக வராது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றால் ஒரு கோடு வரும், மாடு நகர்ந்தால் அதுவும் போகும். அதனால் லைனைத்தான் நம்ப வேண்டும். முதல் கம்பெனி லைன் போட ஒருவர் பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தார். இந்த ஊர்க்காரர்தான், சுறுசுறுப்பான ஆள். அரை நாளில் முடித்துவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து இரண்டாவது கம்பெனி ஆளை அனுப்பியிருப்பதாகச் சொன்னது. வாசலில் பார்த்தால் அதே பைக், அதே ஏணி, அதே ஆள். சட்டை மட்டும் வேறு.

“இன்னாங்க, மறுபடி நீங்களேவா?”

“ஆமாக்கா. கம்பனி ரெண்டு. மலைக்கு ஆள் நான் ஒருத்தன்தான் கீறேன்” என்று அவர் ஏணியை அவிழ்த்தார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் யோசித்திருக்க வேண்டிய இடம் அது. சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு படம் வரைந்தேன். என் வீட்டிலிருந்து ஒரு நீலக் கோடு, ஒரு சிவப்புக் கோடு, இரண்டும் தனித்தனியாக மலை இறங்கிப் போகின்றன. அந்தப் படத்தை மேலாளர் சென்னையில் மற்றவர்களுக்கெல்லாம் காட்டி, “மலை உச்சில இருந்துக்கிட்டு எவ்வளவு பொறுப்பா பண்ணியிருக்கா பாருங்க” என்றாராம். எனக்கு இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. அந்தக் கோடுகள் நிஜத்தில் எந்த வழியாகப் போகின்றன என்று வாசலைத் தாண்டி நான் நடந்து பார்க்கவில்லை. படத்தில் மரம் எதுவும் இல்லை.

மரம் ஊர் முனையில் இருந்தது. ரோடு வளையும் இடத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற புளியமரம். அது யாருடைய பட்டாவிலும் இல்லை, ஊர்ப் பொது. பழம் எவ்வளவு முற்றினாலும் ஊர்கூடி நாள் குறிக்கும்வரை அதில் ஒருவரும் கழி வைக்கக் கூடாது. நாள் குறித்ததும் முந்தின சாயங்காலம் ஒருவர் தப்பட்டை அடித்துத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். அதோடு முடிவதில்லை. மரத்தை உலுக்கினால் யாருக்காவது இடைஞ்சல் என்றால், அடியில் மாடு கட்டுகிறவர், வண்டி நிறுத்துகிறவர் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆள் போய் நேரில் கேட்க வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மரம் ஏறுவார்கள். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் கம்பெனியில் இதே ஏற்பாட்டுக்கு முப்பது பக்கத்தில் ஒரு விதிமுறைப் புத்தகம் இருக்கிறது. அதைப் பாதிப் பேர் படித்ததில்லை.

மாசி மாசக் கடைசி. ஒத்திகை வாரம் தொடங்கி இரண்டு நாள் எதுவும் நடக்காமல் போயிருந்தது. நான் குளிக்கப் போகும்போதுகூட லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனியின் புது ஆட்களுக்கு வீடியோவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு. பாடத்தின் தலைப்பு இன்றைக்கும் நினைவிருக்கிறது: எந்த மாற்றத்துக்கும் முழுதாகப் படிக்காமல் ஒப்புதல் தராதே.

அப்போது ஜன்னலில் எங்கள் வீட்டுக்காரம்மா வந்து நின்றாள். வீட்டுக்காரம்மா என்றதும் வயதானவள் என்று நினைக்க வேண்டாம், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு சாமை பயிர் செய்கிறாள். என்னை அக்கா என்பாள், ஆனால் அக்காளுக்கு உரிய மரியாதை எதுவும் தர மாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டி ஏதோ சொன்னாள். தயிர் வேண்டுமா என்று கேட்கிறாள் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டினேன். அவள் மறுபடி ஏதோ கேட்டாள். மறுபடி ஆட்டினேன். திருப்தியாகப் போய்விட்டாள். தயிர் வரவில்லையே என்று சாப்பிடும்போது ஒரு தடவை நினைத்துக்கொண்டதோடு சரி.

மறுநாள் காலை பத்து மணி தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும், அலாரம் அடித்தது. எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் பரிசோதனை முடிவு வெளியே போகவில்லை. நிஜ நோயாளிகளுக்குப் பாதகம் வராதபடி தனியாகப் பிரித்துவைத்த ஒத்திகை எந்திரங்கள்தான் இவை என்று தெரியும். தெரிந்து என்ன, எனக்கு அது நிஜம்தான். நாலு நிமிஷத்தில் விஷயம் பிடிபட்டது. முதல் நகரத்து எந்திரத்தை மேலாளர் நிறுத்திவிட்டிருந்தார். அதோடு நிற்காமல், இரண்டாவது தானாக எழாதபடி அதையும் கட்டிப்போட்டிருந்தார். கட்டை அவிழ்த்துக் கையால் எழுப்ப வேண்டும். ‘கில்லாடி அம்மா’ என்று முணுமுணுத்துக்கொண்டு விரலைச் சொடுக்கினேன்.

அப்போது நீல லைன் போனது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இதற்காகத்தானே இரண்டு வைத்திருக்கிறேன். ரவுட்டர் ஒரு தடவை கண்சிமிட்டிவிட்டுச் சிவப்பு லைனுக்குத் தாவியது. மேலாளர் இதையும் பார்த்திருப்பார் என்று நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்தான். சிவப்பும் போனது.

லேப்டாப்பைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். செருப்பு போட்டேனா என்று தெரியவில்லை. தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே ஓடினேன். இரண்டு கம்பியும் எங்கள் வாசலிலிருந்து ஒரே கம்பத்துக்குப் போயின. அடுத்த கம்பத்துக்கும் சேர்ந்தே போயின. வழி முழுக்க அக்கா தங்கை போல ஒட்டிக்கொண்டே போய், ரோடு வளைவில், அந்தப் புளியமரத்தில் போய்ச் சேர்ந்தன.

மரத்தடியில் ஊரே இருந்தது. கீழே பாயும் சேலையும் விரித்து, பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நாலைந்து பேர் கழியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். மழை மாதிரி புளி உதிர்ந்துகொண்டிருந்தது.

“இன்னாக்கா, இம்மாம் லேட்டா வர்றே? எல்லாரும் எப்பவோ வந்தாச்சு” என்றாள் வீட்டுக்காரம்மா, மடி நிறையப் புளியோடு.

“என் லைன்… லைன் அறுந்து போச்சு…”

“அறுவலக்கா!” என்று உச்சாணிக் கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணாந்து பார்த்தால், மலைக்கே ஒரே ஆளான நம் லைன்காரர். “நான்தான் கழட்டி வெச்சேன். பட்ட கிளை ஒண்ணு கீது, அத வெட்டணும். லைன் மேல வுழுந்தா நார் நாரா பூடும். அதான் ரெண்டையும் பத்திரமா சுத்தி ஓரமா வெச்சிருக்கேன் பாருங்க!”

பார்த்தேன். நீலமும் சிவப்பும் அழகாகச் சுருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, தூசி படாமல் மேலே ஒரு சாக்கும் போர்த்தியிருந்தது.

“யாரக் கேட்டுக் கழட்டினீங்க?” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் ரோடு வரைக்கும் கேட்கும். அன்று ரோட்டிலேயே நின்றிருந்தேன்.

“உன்னத்தான் கேட்டோம்” என்றாள் வீட்டுக்காரம்மா. “நேத்து ஜன்னலாண்ட நின்னு எம்மாம் நேரம் சொன்னேன். நாளிக்குப் புளி உலுக்கறாங்க, உன் லைன ரெண்டையும் கழட்டி வெப்பாங்களாம், பரவால்லியான்னு கேட்டேன். தலையாட்டின. நல்லா கேட்டுதான்னு திரும்பக் கேட்டேன். அதுக்கும் ஆட்டின. சிரிச்சிகினே ஆட்டின!”

ஊரே என்னைப் பார்த்தது. நான் தயிரை நினைத்துக்கொண்டேன்.

“சரி, உடனே மாட்டுங்க!”

“உள்ள கண்ணாடி நாருக்கா, ஒட்டித்தான் சேர்க்கணும். ஜாயின்ட் போடற மிஷின் வூட்ல சார்ஜ்ல கீது. எடுத்தாந்து ரெண்டையும் சேர்க்க முக்கா மணி நேரம் ஆவும்” என்றார் மேலிருந்தவர், இது ஒரு பெரிய விஷயமா என்கிற குரலில்.

லேப்டாப்பின் மூலையில் இருந்த கடிகாரம் இன்னும் பத்து நிமிஷம் என்றது. என் கோபம் ஓர் அளவுக்கு மேல் போனால் அழுகையாகிவிடும். புளியம்பழம் குவிந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். “இன்னும் பத்து நிமிஷத்துல நான் இத முடிக்கலன்னா மெட்ராசுக்கே திரும்பிப் போய்டணும். ஒண்ணாம் தேதியே போகணும்” என்றேன்.

“அப்ப வாத்தியாரு?” என்றாள் வீட்டுக்காரம்மா.

“அவர் இங்கதான்.”

அவள் மடியிலிருந்த புளியைக் கொட்டினாள். பிறகு மேலே பார்த்து ஒரு சத்தம் போட்டாள். என் கத்தலெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. “ஏய், கழிய நிறுத்துங்க! ஒருத்தரும் தட்டக் கூடாது! இங்க ஒரு குடும்பம் போவுது!”

மரம் நின்றுபோனது. அந்த அமைதியில் லைன்காரர் மேலிருந்து யோசித்து யோசித்துச் சொன்னார். “அக்கா, இங்க டவர் நேரா தெரியுது. என் போன்ல நாலு கோடு காட்டுது, நெட்டுக்குத்தான் காசு போடல. உங்க போன மேல அனுப்புங்களேன்.”

அரிவாளும் தண்ணீர் பாட்டிலும் மேலே அனுப்புவதற்கென்று கயிறு கட்டிய ஒரு கூடை தொங்கிக்கொண்டிருந்தது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கூடையில் வைத்தேன். என் மொத்த வாழ்க்கையும் ஆடி ஆடி மேலே போனது. அவர் அதை எடுத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்து நீட்டினார். “ரெண்டு கோடு… மூணு… நாலுக்கா!” கீழே என் லேப்டாப்பில் இன்டர்நெட் வந்தது.

கம்பெனிக்குள் நுழையப் பெயரும் ரகசியச் சொல்லும் போட்டேன். ஆறு இலக்க எண் ஒன்று உங்கள் போனுக்கு வந்திருக்கிறது, அதைப் போடுங்கள் என்று கேட்டது. போன் மரத்தின் மேல்.

அந்த எண்ணை அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று வருஷா வருஷம் ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். மேலே பார்த்தேன். “ஒரு நம்பர் வந்திருக்கா பாருங்க… படிங்க.”

“நாலு!” என்று அவர் பள்ளத்தாக்கு எதிரொலிக்கக் கூவினார்.

“நாலாம்” என்றார்கள் கீழே இருந்த பெண்கள், எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று.

“ஒம்போது!”

“ஒம்போதாம்!”

இப்படியே ஆறு இலக்கமும் ஊர் முழுக்கச் சொல்லி முடிந்தபோது, கதவு திறந்தது. எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அன்று அந்த வழியாக வந்திருந்தால் அதே மரத்தில் ஏறிக் குதித்திருப்பார்.

ஆறு நிமிஷம். கட்டை அவிழ்த்தேன். இரண்டாவது எந்திரத்திடம் ‘இனிமேல் நீதான் முதல்’ என்று சொல்ல வேண்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். மேலே இருந்தவர், “அக்கா, கால்ல எறும்பு ஏறுது” என்றார். “ஆடாதீங்க!” என்றேன். “கடிக்குதுக்கா!” “கடிக்கட்டும்!” என்றது நான் இல்லை, வீட்டுக்காரம்மா. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றார். நாற்பது பேர் புளியைத் தொடாமல், பேசாமல், நான் தட்டும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க நான் வேலை செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரண்டாவது எந்திரம் எழுந்தது. திரையில் முதலில் ஒரு முடிவு போனது, அப்புறம் மூன்று, அப்புறம் எண்ண முடியாமல் வரிசையாகப் போக ஆரம்பித்தன. அதே நேரம் மரத்தின் மேல் என் போன் அடித்தது.

“மேடம்னு வருதுக்கா. எடுக்கட்டா?”

எடுங்க என்று கையை ஆட்டினேன்.

“சொல்லுங்க மேடம்… ஆமா மேடம்… முடிஞ்சிடுச்சான்னு கேக்கறாங்கக்கா!”

“முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க!”

“முடிஞ்சிடுச்சு மேடம்!” என்று அவர் கத்தியது அந்தப் போன் இல்லாமலேயே சென்னைக்குக் கேட்டிருக்கும். ஊர் முழுக்கக் கைதட்டியது. என்ன முடிந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரம்மாவைக் கட்டிப்பிடித்தேன். “புளி நசுங்குதுக்கா” என்றாள். ஒரு நிமிஷம் மிச்சமிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் எங்கள் தொழிலில் எது உடைந்தாலும் பிறகு ஓர் அறிக்கை எழுத வேண்டும். யார் மேலும் பழி போடக் கூடாது, ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். மேலாளர் கேட்டது இருபது நிமிஷத்தில் சரியாக வேண்டும் என்றுதான், அது ஆகிவிட்டது. லைன் போனதை யாரும் என்னைக் கேட்கவில்லை. ‘பத்தொன்பது நிமிஷத்தில் சரிசெய்யப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த வரியை எழுதி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும், இரண்டு லைன் என்று நான் வரைந்த படம் பொய் என்று ஆகிவிடும். ஒண்ணாம் தேதி பஸ் ஏற வேண்டியிருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஆனால் அடுத்த தடவை உடைவது ஒத்திகையாக இருக்காது. எங்கோ ஒரு டாக்டர் ஒரு முடிவுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு லைனும் ஒரே கம்பத்தில், ஒரே மரத்தில். இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே ஏணி, ஒரே மிஷின். ரகசிய எண் நாற்பது பேர் முன்னால் உரக்கப் படிக்கப்பட்டது. மாற்றம் குறித்து முன்கூட்டியே முறையாக அறிவிக்கப்பட்டது, ஒப்புதல் இரண்டு முறை கேட்கப்பட்டது, காதில் விழாமலே ஒப்புதல் தந்தவள் நான். காரணம் என்ற இடத்தில், ‘இரண்டு இருக்கிறதே என்ற தைரியத்தில், அந்த இரண்டும் எதில் கட்டியிருக்கிறது என்று போய்ப் பார்க்காதது’ என்று எழுதி அனுப்பிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மேலாளர் மறுநாள் காலை கூப்பிட்டார்.

“மரத்து மேல இருந்து பேசினது யாரு?” என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். சிரித்தார். பிறகு, “நீ ரெண்டு லைன்லயும் இல்ல, ஏதோ செல்போன் வழியா உள்ள வந்திருக்கேன்னு எனக்கு அப்பவே தெரியும். இங்க காட்டுமே. நீ முடிச்சுட்ட. ஆனா எழுதுவியா மாட்டியான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். எழுதாம விட்டிருந்தா நானே டிக்கெட் போட்டுக் கூப்பிட்டிருப்பேன்” என்றார்.

“இப்ப?”

“இப்ப போய் ஒரு லைன வேற வழியா இழு. ஒரு மாசம் தரேன். சீட்டுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்.”

அந்த மாசம் முடிவதற்குள் சிவப்பு லைன் பள்ளிக்கூட மேட்டு வழியாகத் தனியாகப் போனது. இந்தத் தடவை ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுப் பார்த்தபடி லைன்காரரோடு நானும் நடந்தேன். மலைக்கு இரண்டாவது ஆளும் கிடைத்துவிட்டாள். மயிரிழைக் கண்ணாடி நாரை ஒட்டவைக்கும் வேலையை அவர் செய்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது இன்னா பெரிய வித்தை, நான் செய்ய மாட்டனா?” என்று கேட்ட வீட்டுக்காரம்மாதான். அவர் போட்ட ஜாயின்ட்டைவிட அவள் போடுவது சுத்தமாக இருக்கிறது. அவரே சொல்கிறார், கொஞ்சம் எரிச்சலோடு. இப்போது என்னிடம் எதைச் சொல்ல வந்தாலும் அவள் ஜன்னலில் நிற்பதில்லை. உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சொல்லி முடித்ததும், “இன்னா சொன்னேன், திரும்பச் சொல்லு” என்பாள். சொல்லாமல் தப்ப முடியாது.

மேலாளர் கூப்பிட்ட அன்று சாயங்காலம் கணவர் பள்ளியிலிருந்து வந்தபோது கூடத்தில் ஒரு சிறிய புளிக் குவியல் இருந்தது. பொது மரத்தில் அன்றைக்கு மரத்தடியில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூறு. எங்களுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஓடு நீக்கிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தும் ஒன்று பாக்கியிருந்தது.

“ஒரு விஷயம் உங்ககிட்ட மறைச்சுட்டேன். ஹாஸ்டல் கட்டில நான் விடல. எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்.”

“தெரியும்” என்றார் அவர், தலை நிமிராமல்.

“எப்படி?”

“தீப்பெட்டிக்கே ஸ்பேர் வெக்கறவ. என் கூட இருக்கறதுக்கு வெக்காமயா வந்திருப்ப?”

அவர் குரலில் கோபம் இல்லை. மூன்று மாசமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார் என்பதுதான் என்னை என்னவோ செய்தது. புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். மாடு நகர்ந்துவிடாமல் கொம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். ஒரு கோடு வந்தது. ஹாஸ்டலைக் கூப்பிட்டு, அந்த ஜன்னலோரக் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் வர மாட்டேன் என்று சொன்னேன்.